முனை திரும்பாத வண்டி

தெருவில் எல்லோரும் அவளைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டைக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பொத்தான் உள்ளே நுழையும்போது இறுக்கமும் இருக்கக் கூடாது, தொளதொளப்பும் இருக்கக் கூடாது. கொஞ்சம் பிசகினாலும் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எடுப்பாள். வீட்டின் பின்னறைதான் அவளுடைய தையற்கூடம். மெஷினுக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் பூசிய முற்றம், துணிக்கொடி, சுவரோரமாக வரிசையாக ரோஜாத் தொட்டிகள். பகல் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகளின் மேல் குனிந்து கிடக்கும் கண்ணுக்கு அந்தத் தொட்டிகள்தான் ஆறுதல்.

அன்று காலை தண்ணீர் ஊற்றப் போனவள் குவளையும் கையுமாக நின்றுவிட்டாள்.

இலைகளில் வெட்டு விழுந்திருந்தது. புழு தின்றிருந்தால் விளிம்பு கன்னாபின்னாவென்று இருக்கும். அது அவளுக்குத் தெரியும். இது அப்படியில்லை. இலையின் ஓரத்தில் தொடங்கி, உள்ளே வளைந்து, மறுபடி ஓரத்துக்கே வந்து முடிந்த சுத்தமான வட்டம். ஒரு பிசிறு இல்லை. பக்கத்து இலையிலும் அதே அளவு, அதற்கடுத்த இலையிலும் அதே அளவு. கழுத்துப் பட்டி வெட்டும்போது இப்படி ஒரு வளைவு விழ வேண்டுமென்றால் அவளுக்கே சாக்குக்கட்டியால் கோடு போட்டாக வேண்டும். கோடே போடாமல் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது பழகிய கை.

வட்டம் வெட்டிப் பழகிய கை அந்த வீட்டில் இன்னொன்று இருந்தது.

அது அவளுடைய நாத்தனாரின் கை. வெளியூரில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள். கிடங்கை மூடிவிட்டார்கள். ஒரு பையோடும், சின்ன லாரியின் பின்னால் ஏற்றிய ஒரு செத்துப்போன மோட்டார் சைக்கிளோடும் அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "இத மட்டும் ஓட வெச்சுட்டா கிளம்பிடுவேன் அண்ணி. துறைமுகத்துல கிரேன் ஓட்டற வேலைக்கு என் சிநேகிதி சொல்லி வெச்சிருக்கா."

"அதனால என்ன, இருந்துட்டுப் போயேன்" என்று காஜா அக்காவும் சொன்னாள். வாய் சொன்னதே தவிர, மனசு அதற்குக் கையெழுத்துப் போடவில்லை.

அன்றிலிருந்து முற்றத்தின் மறுபாதியில், தகரக் கூரைக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் அக்கக்காகக் கழன்று கிடந்தது. காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளில் பெட்ரோல் வாசனை ஏறியது. ஒரு முறை புதுச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த 'டொக், டொக்'. என்ஜின் மூட்டுகளுக்கு நடுவே வைக்கிற கேஸ்கட் கடையில் கிடைக்காததால், தடித்த அட்டையை விரித்து, வட்ட உளி வைத்துச் சுத்தியலால் அடித்து நாத்தனாரே வெட்டிக்கொண்டாள். அச்சு மாதிரி வட்டம் வட்டமாக விழும்.

குவளையைக் கீழே வைத்துவிட்டுக் காஜா அக்கா தகரக் கூரைக்கு நடந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணி." நாத்தனார் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். கன்னத்தில் கிரீஸ் ஒரு கோடாக இழுத்திருந்தது.

"வட்டம் சரியா விழுதான்னு எதுலயாவது அடிச்சுப் பாத்தியா?"

"அட்டையிலதான்."

"இலையில?"

"எந்த இலையில?"

"ரோஜா இலையில."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். "ரோஜா இலையில கேஸ்கட் வெட்டி நான் எந்த என்ஜினுக்கு அண்ணி போடுவேன்?"

"அதுதான் எனக்கும் புரியல."

"புரியலன்னா எதுக்குக் கேக்கறீங்க?"

"புரியாததாலதானே கேக்கறேன்!"

பதிலுக்கு நாத்தனாரும் ஒன்றைக் கிளப்பினாள். அவளுக்கும் ஒரு குழப்பம் இருந்தது. சில நாளாக வண்டி ஓட ஆரம்பித்திருந்தது. ஒரே மிதியில் கிளம்பும், நல்ல நாதத்தோடு தெருவில் போகும், தெரு முனையில் இருக்கிற மருந்துக்கடை வரைக்கும் போய் மூச்சுத் திணறி நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்ப்பாள், இருக்கும். மூடியைப் போட்டு மிதிப்பாள், கிளம்பும். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மறுபடி நின்றுவிடும். பிளக்கை மாற்றினாள், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினாள், ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தாள். வண்டி மட்டும் முனை திரும்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. "உன் வண்டிக்கு என் கடை மேலயே கண்ணும்மா. என்ன சீக்குன்னு சொல்லு, மாத்திரை தர்றேன்" என்று மருந்துக்கடைக்காரர் வேறு வெறுப்பேற்றினார்.

"டாங்கி மூடியில வெள்ளை நூல் சிக்கியிருந்துது அண்ணி" என்றாள் நாத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன். இந்த வீட்டுல நூல் யார்கிட்ட இருக்கும்னு யோசிச்சேன்."

காஜா அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்த வீட்டுல டீயிலகூடத்தான் நூல் கிடக்கும்! உன் அண்ணன் தினமும் எடுத்துப் போட்டுட்டுக் குடிக்கறார். அவரைக் கொல்லவா பாக்கறேன்?"

அந்த அண்ணன் அப்போது முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் மாவு மணக்க வீட்டுக்கு வந்து படுப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த வாரம் அதுதான் அவர் கதி. மனைவி வந்து இலையைக் காட்டினாள். தங்கை வந்து நூலைக் காட்டினாள். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து அவர் கொட்டாவி விட்டார்.

"இலைய வெட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது. வண்டிய நிறுத்தினது யாருன்னும் தெரியாது. என் தூக்கத்தக் கெடுத்தது யாருன்னு மட்டும் நல்லாத் தெரியும்."

அதன் பிறகு இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ போட்டு வைத்தால் ஒருத்தி எடுத்துக் குடிப்பாள். கொடியில் துணி காய்ந்தால் மற்றவள் எடுத்து மடித்து ஜன்னலில் வைப்பாள். வார்த்தை மட்டும் கிடையாது. இலையில் வட்டங்கள் நாளுக்கு நாள் கூடின. வண்டி தினமும் மருந்துக்கடை வரை போய்த் தள்ளுவண்டியாகத் திரும்பி வந்தது.

நாத்தனார் உதிரிபாகம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். காஜா அக்கா ஒரு கைப்பட்டியைத் தைத்து முடித்து நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே, காற்றில், ஒரு பச்சைச் சில்லு பறந்து போனது.

விழுகிற இலை கீழே இறங்கும். இது மேலே ஏறி, கொடியைத் தாண்டி, வெயிலில் மினுங்கிக்கொண்டு நேராகப் போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். சற்று நேரத்தில் இன்னொரு சில்லு. தலைசுற்றலாக இருக்குமோ என்று முதலில் தோன்றியது. காலையில் வெறும் வயிற்றில் உட்கார்ந்ததன் விளைவு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் தலைசுற்றலுக்கு ஏன் ரோஜா இலையின் நிறம்?

செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு வந்து தொட்டிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பூச்சி வந்து இலையின் ஓரத்தில் இறங்கியது. தேனீ மாதிரி இருந்தது, தேனீ இல்லை. உடம்பு கரியது, குறுக்கே வெளிறிய வரிகள், வயிற்றுக்கு அடியில் மட்டும் ஆரஞ்சுப் பொடி அப்பியது போல ரோமம். இலையின் விளிம்பைக் கால்களுக்கு நடுவில் கவ்விக்கொண்டு வாயால் நறுக்கத் தொடங்கியது. நறுக்க நறுக்க உடம்பையும் திருப்பியது, காம்பஸ் சுற்றுகிற மாதிரி. ஒரு சுற்று முடிந்ததும், தான் உட்கார்ந்திருந்த துண்டோடு சேர்ந்து விழப்போய், விழுவதற்கு முன் சிறகை அடித்து எழும்பி, துண்டை வயிற்றோடு அணைத்தபடி பறந்தது.

"அடிப்பாவி!" என்றாள் காஜா அக்கா, சத்தமாகவே. அந்தப் பூச்சி பெண்தான் என்று ஏன் தோன்றியது என்பது அவளுக்குத் தெரியாது.

பின்னாலேயே ஓடினாள். பூச்சி கொடியைத் தாண்டி, தகரக் கூரைக்குள் நுழைந்து, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் மாயமாகிவிட்டது. அவள் முழங்காலிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். என்ஜினுக்குப் பின்னால் பென்சில் கனத்தில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பூச்சி பின்பக்கமாக வெளியே வந்தது. கால்களைத் துடைத்துக்கொண்டது. மறுபடி தொட்டியைப் பார்க்கப் பறந்தது.

எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே காஜா அக்கா உட்கார்ந்துவிட்டாள். குழப்பம் தீர்ந்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் ஒரு முடிச்சை அவிழ்த்த இடத்தில் நாலு முடிச்சு விழுந்தது. இவ்வளவு நாளாக ஒருத்தியைச் சந்தேகப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறோம். இப்போது போய், 'நீ இல்லம்மா, ஒரு பூச்சி' என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமல் விட்டால் என்ன? தொங்குகிற குழாய்தானே, அதற்குள் பூச்சி குடியிருந்தால் வண்டிக்கு என்ன வந்தது? அப்படி நினைக்கும்போதே, வண்டிக்கு ஏதாவது வந்திருக்குமோ என்றும் உள்ளே உறுத்தியது.

நாத்தனார் திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. வண்டிக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். அண்ணி அங்கே நிற்பதைப் பார்த்ததும், பேசக்கூடாது என்பதை மறந்து பேசினாள்.

"பெட்ரோல் வருது. நெருப்பு வருது. காத்தும் வருது. எல்லாம் வந்தும் நிக்குது. என்ன பண்றதுன்னு தெரியல அண்ணி."

காஜா அக்கா தொங்குகிற குழாயைப் பார்த்தாள்.

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு பாக்கறேன். துறைமுகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இங்கயே பக்கத்துல ஏதாவது வேலை தேடிக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?" என்று கேட்டாள்.

வந்த நாள் முதலாக, இந்த வண்டி எப்போது ஓடும், இவள் எப்போது கிளம்புவாள் என்றுதான் காஜா அக்கா காத்திருந்தாள். ஆனால் போன வாரம், யாரும் கேட்காமலேயே, தையல் மெஷினின் மிதிபலகை கிறீச்சிடுவதை இவள்தான் நிறுத்தினாள். இவள் அங்கே வேலை செய்துகொண்டே தனக்குத்தானே வண்டியைத் திட்டுவதைக் கேட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த நாட்களும் உண்டு. இருக்கட்டும் என்று சொல்லவா, கிளம்பட்டும் என்று சொல்லவா? நாக்கு இரண்டு பக்கமும் புரண்டு, கடைசியில் இரண்டையும் சொல்லவில்லை.

"அந்தக் குழாய்க்குள்ள ஒரு பூச்சி போகுது" என்றாள்.

"என்னது?"

"பூச்சி. இலைய வெட்டி எடுத்துட்டு. இதோ, இந்தக் குழாய்க்குள்ள. என் கண்ணால பாத்தேன்."

ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. உதவி செய்யவா, அனுப்பி வைக்கவா, அல்லது சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமா?

நாத்தனார் வாளியிலிருந்து இறங்கி மண்டியிட்டாள். குழாயைக் கையில் பிடித்தாள். விரலால் நசுக்கிப் பார்த்தாள். அதன் போக்கிலேயே மேலே தடவிக்கொண்டு போய், டாங்கியின் கழுத்தில் அது முடிகிற இடத்தில் நிறுத்தினாள்.

"இது மழைத்தண்ணி வடியற குழாய்னுல்ல நெனச்சேன்!" என்றாள் மெதுவாக. "அண்ணி, உங்க மெஷின் எண்ணெய் டப்பாவுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் இறங்குமா?"

"இறங்காது. காத்துக்கு இன்னொரு ஓட்டை போடணும்."

"அந்த இன்னொரு ஓட்டைதான் இது. டாங்கி மூச்சு விடற வழி. இத அடைச்சுட்டா பெட்ரோல் கொஞ்ச தூரம் இறங்கும், அப்புறம் நின்னுடும். நான் மூடியத் திறந்து பாக்கறேன் பாருங்க, பெட்ரோல் இருக்கான்னு? அப்ப காத்து உள்ள போயிடும். அதான் மறுபடி கிளம்பியிருக்கு. வியாதியும் தெரியல, நான் குடுத்த மருந்தும் எனக்கே தெரியல." தலையில் அடித்துக்கொண்டாள். கிரீஸ் நெற்றியிலும் ஏறியது.

குழாயைக் கழற்றினார்கள். காஜா அக்கா தையல் பிரிக்கிற சின்னப் பிளேடைக் கொண்டுவந்து நீளவாக்கில் கீறினாள். உள்ளே, ஒன்றன்பின் ஒன்றாக, இலையால் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகள். பக்கங்களுக்கு நீள்வட்ட இலை, மூடிக்கு வட்ட இலை, அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. ஒரு குப்பி கை தவறிப் பிரிந்துவிட்டது. அதற்குள் மஞ்சள் களிம்பு போல ஏதோ, அதன்மேல் வெள்ளையாக ஒரு பொடிப் புழு.

நாத்தனார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்த வட்ட மூடிகளைத் தொட்டுப் பார்த்தாள். "யார்கிட்ட கத்துக்கிட்டு இந்தக் கேஸ்கட்ட வெட்டுச்சு இது? என்னுதவிட நல்லா இருக்கு."

"என் ரோஜாவில கத்துக்கிட்டது" என்றாள் காஜா அக்கா.

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள், ஆனால் முடிக்க முடியவில்லை. பூச்சி திரும்பி வந்திருந்தது. வயிற்றோடு ஒரு பச்சைத் துண்டை அணைத்தபடி, குழாய் தொங்கிய இடத்தில், இல்லாத வாசலைத் தேடி முன்னும் பின்னும் பறந்தது. பக்கத்துக் கம்பியில் முட்டியது. எட்டப் போய், சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று பார்ப்பது போல மறுபடி வந்தது. கடைசியில் இலைத்துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

"இப்ப என்ன அண்ணி பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குக் காஜாதான் எடுக்கத் தெரியும்."

ஆனாலும் பிரியாத குப்பிகளை அப்படியே குழாய்க்குள் வைத்து, கீறலை மூடி, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினாள். நாத்தனார் அதைக் கொண்டுபோய்க் கூரைக் கம்பியில் தொங்கவிட்டாள். பூச்சி அதைக் கண்டுபிடித்ததா, வேறு எங்காவது போய்விட்டதா, யாருக்கும் தெரியவில்லை. தாங்கள் செய்தது உபகாரமா அபகாரமா என்பதிலும் இருவருக்கும் ஒரு முடிவு கிடைக்கவில்லை.

பழைய உதிரிகளிலிருந்து வேறொரு குழாயை வெட்டி மாட்டிவிட்டு நாத்தனார் வண்டியை மிதித்தாள். கிளம்பியது. காஜா அக்கா வாசல் கேட்டுக்கு வந்து நின்றாள். வண்டி மருந்துக்கடையை நெருங்கியது. மருந்துக்கடைக்காரர் வழக்கம் போல வெளியே வந்து கை நீட்டி வரவேற்றார். வண்டி அவரைத் தாண்டி, முனையில் சாய்ந்து திரும்பி, கண்ணுக்கு மறைந்தது. சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இல்லாமலானது.

வரவில்லை.

ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள் என்று நின்றாள். இரண்டு சுற்றாக இருக்கும் என்று நின்றாள். அடுப்பில் வைத்த தண்ணீர் ஞாபகம் வந்து, உள்ளே போய் அணைத்துவிட்டு மறுபடி வந்து நின்றாள். ஓடுகிற வண்டி கிடைத்ததும் அப்படியே போய்விட்டாளா? இலையைப் பற்றிக் கேட்டதையும், நூல் பேச்சுக்குக் கத்தியதையும் மனசில் வைத்துக்கொண்டு போய்விட்டாளா? பை உள்ளே இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. பார்க்கவில்லை. இருந்தால் நிம்மதியா, இல்லாவிட்டால் நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கணவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்? தூக்கம் கலைஞ்சுபோச்சு."

"வண்டி ஓடிடுச்சுங்க."

"வாண்டு எங்க?" தங்கைக்கு எத்தனை வயதானாலும் அவருக்கு வாண்டுதான்.

"அவளும் ஓடிட்டா போல."

"அப்படியா? உனக்குச் சந்தோஷந்தானே?"

"தெரியலங்க" என்றாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து தெருவைப் பார்த்து நின்றார்.

வெயில் எதிர்ச்சுவரில் ஏறிய பிறகு, முனையில் ஒரு தலை தெரிந்தது. பிறகு வண்டி. பிறகு, வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்காரர். நாத்தனார் வியர்வையில் குளித்திருந்தாள்.

"மறுபடியும் நின்னுடுச்சா?" காஜா அக்கா பாதித் தெருவுக்கு ஓடிவிட்டாள். "இதுக்குள்ளயும் பூச்சி போயிடுச்சா?"

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி." நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. "பெட்ரோல் தீந்துபோச்சு. எப்பவும் நின்னு நின்னு போகும், நிக்கறப்பல்லாம் மூடியத் திறந்து பாப்பேன். இன்னிக்கு நிக்கவே இல்லையா, பாக்கத் தோணல. ஊருக்கு வெளிய வரைக்கும் போயிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் நெற்றியைத் துடைத்தார். "சீக்கு இருந்தப்பவே தேவலம்மா. என் கடையிலேர்ந்துதான் தள்ளணும்."

அவர் போன பிறகு வண்டியின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் தள்ளினார்கள்.

"அப்ப, எப்பக் கிளம்பறே?" என்று கேட்டாள் காஜா அக்கா.

"கிளம்பச் சொல்றீங்களா?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப இருக்கச் சொல்றீங்களா?"

"அதையும் நான் சொல்லலையே."

"என்னதான் அண்ணி சொல்றீங்க?"

காஜா அக்கா நின்று யோசித்தாள். கேட்டுக்கு அருகில் கணவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிய நிழல்ல நிறுத்துன்னு சொல்றேன்" என்றாள்.

நாத்தனார் நிழலில் நிறுத்தினாள். சாயங்காலம், கூரைக்கு அடியில் நின்று சிநேகிதியிடம் போனில் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. "இப்ப முடியாதுடி. இல்ல, வண்டி ஓடுது. நல்லாத்தான் ஓடுது. அதில்ல... எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. கொஞ்ச நாள் கழிச்சு வர்றேனே."

காஜா அக்கா காதைத் தீட்டிக்கொண்டே தைத்தாள். தனக்கு வந்தது எரிச்சலா, நிம்மதியா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கழுத்துப் பட்டியை உள்புறம் வெளியே இருக்கும்படி தைத்து முடித்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிளேடை எடுத்து, முதல் தையலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.